கேட்க முந்திச் சொல்கிறவர்

"கேக்க முந்திச் சொல்லிடுறன் நானா. அலுமாரிக் கதவு."

ஓட்டோவை விட்டு இறங்கும்போதே சொல்லிவிடுவார். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருக்கும் நாங்கள் இன்னும் அவர் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டோம். அவர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்ப்போம். பார்த்தால், ஓம், புருவத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். முதலில் காரணம் வரும், பிறகுதான் காயம் வரும். இருபது வருடத்துக்கு மேல் அவரை அப்படித்தான் பார்த்தேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியும் இருக்கிறேன். காயங்களை மட்டும் மாற்றவில்லை. இதை எழுதுவது சரியா பிழையா என்றும் எனக்குத் தெரியாது. வயதாகிவிட்டது, சீனி வருத்தம், கால் எரிவு, இதற்கு மேல் இதையும் சுமந்துகொண்டு திரியச் சீவன் இல்லை.

தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடுதான் அவருடையது. அவருடையது என்று எழுதிவிட்டேன், அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "பிள்ளைகள்ட வீடு" என்றுதான் சொல்லுவார். மெலிந்த, உயரமான மனிதர். புத்தளத்து வெயிலில் நாங்கள் பெனியனோடு விசிறிக்கொண்டிருக்க, அவர் நீளக்கை சேர்ட் போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டியிருப்பார். "ஓட்டோ ஓடுறவனுக்கு வெயில் கையிலதான் நானா அடிக்கும்" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். நல்ல காரணம்தான். அவருடைய காரணங்கள் எல்லாமே நல்ல காரணங்கள்.

ஒருமுறை மன்னார் ரோட்டில் கழுதை குறுக்கே வந்தது. ஒருமுறை உப்பளத்து வரம்பில் வழுக்கியது. ஒருமுறை மூத்த மகள் ஊஞ்சல் ஆடும்போது பலகை நெற்றியில் பட்டது. சொல்லும்போது கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டுவார். கழுதையாகவும் அவரே நடிப்பார். கடைக்காரர் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்திவிடுவார்.

உச்சமுனைக்கு ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போய், போட்டில் ஏறும்போது விழுந்துவிட்டதாக ஒருமுறை சொன்னார். கன்னத்து எலும்பு வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. அந்தக் கிழமை முழுக்கக் கச்சான் காற்று. களப்பில் போட் ஓடவே இல்லை. வாங்கில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியும். "பார்த்து ஏறுங்க தம்பி" என்றேன் நான். பொய் சொல்லுகிறார் என்று விளங்கியது. எதற்காகச் சொல்லுகிறார் என்று யோசித்தேனா என்றால், இல்லை. எங்கேயாவது குடித்திருப்பார், யாருடனாவது சண்டை பிடித்திருப்பார், அது அவருடைய காரியம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பெண்ணுக்கு உம்மாவும் வாப்பாவும் கொடுப்பது. நானும் அப்படி ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தவன்தான். என் மனைவிக்குக் கோபம் வந்தால், "இது யார்ட வீடு?" என்று கேட்பா. "உங்கட வீடு" என்று சொல்லிவிட்டு, நான் இரண்டு நாளைக்கு என் உம்மா வீட்டில் போய்ச் சாப்பிட்டுப் படுப்பேன். மூன்றாம் நாள் கறி ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். இங்கே எல்லா ஆண்களும் அப்படித்தான். கோபம் ஆறும்வரை போய் இருக்க ஆம்பிளைக்கும் ஒரு வீடு வேண்டும்.

அவருக்கு அது இல்லை. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். அவருடைய உம்மா இங்கே அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டா. வாப்பா அதற்கு முன்பே. ஒரேயொரு தம்பி, ஊர் திரும்பலாம் என்ற காலத்தில் வடக்குக்குப் போனவர் பிறகு தொடர்பில் இல்லை. முகாம் இருந்த இடத்தில் இப்போது யாரோ மரக்காலை போட்டுப் பலகை விற்கிறார்கள். ஆக, அவருக்கு இருந்தது அந்த வீடும் அந்த ஓட்டோவும்தான். அதிலும் ஓட்டோதான் அவருடையது.

அதனால்தானோ என்னவோ, வேலை முடிந்து வரும்போது நேரே வீட்டுக்குள் ஓட்டமாட்டார். ஒழுங்கைத் திருப்பத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, ஹாண்டிலில் இரண்டு கையையும் வைத்தபடி இருப்பார். பத்து நிமிடம், சிலநாள் அரை மணித்தியாலம். பிறகு ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விடுவார். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் செட்டில் இருந்து தொடங்கும் வரிசை கொழும்பு ரோட்டில் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும். ஊரே வெந்து நொந்துபோய் நின்றது. அந்த வரிசையில் சந்தோசமாக இருந்த ஒரே மனிதர் அவர்தான். மூன்று நாள் அங்கேயே கிடந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாங்க, ஓட்டோவை நான் பார்க்கிறேன் என்று பலர் சொன்னார்கள். "பரவால்ல, நீங்க போங்க, உங்கட இடத்தையும் நான் பிடிச்சு வைக்கிறன்" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார். நான் ஒருநாள் மத்தியானம் பாணும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுக்கப் போனால், பின் சீட்டில் காலை மடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அப்படியொரு நித்திரை. தட்டி எழுப்பினேன். திடுக்கிட்டு, முதலில் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு நான்தான் என்று கண்டு சிரித்தார்.

"இங்க நல்லாயிருக்கு நானா."

"என்ன தம்பி, வீட்டில கட்டில் இல்லையா?" என்றார் முன் ஓட்டோக்காரர். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவர் அவர்தான்.

ஊரடங்கு காலத்திலும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு உலர் உணவு கொண்டுபோக ஆள் வேண்டும் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து முடிவதற்குள் வந்து நின்றவர் அவர். "சமூக சேவை செய்யிற மனசு" என்று மௌலவி மைக்கில் புகழ்ந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், எழுதக் கூச்சமாக இருந்ததால்.

நான் புத்தளத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்லி, பள்ளிவாசல் நிர்வாகத்துக் கடிதம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மனைவியை அடிக்கிறவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று எழுதி வாங்குவது எங்கள் நிர்வாகத்தின் வழக்கம். அப்படிப் பல கடிதங்கள் எழுதியிருக்கிறேன். பல்லுடைந்த பெண்கள், வயிற்றுப் பிள்ளையை இழந்த பெண்கள். எழுதி முடித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவையெல்லாம் உண்மை, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உண்மையான கடிதங்களை எழுதிப் பழகிய கைதான் இதையும் எழுதியது.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவருடைய மனைவியின் நானா நிர்வாக அறைக்கு வந்தார். டவுனில் இரும்புக் கடை வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். "என்ட தங்கச்சிட வீட்டில கோப்பை உடையிற சத்தம், கதவு அடிபடுற சத்தம், கத்துற சத்தம் கேக்குதாம். அக்கம்பக்கம் கதைக்குது. நான் போய்க் கேட்டா அவ ஒண்டும் சொல்றாவில்ல. கலியாணம் கட்டாத குமர் ரெண்டு இருக்கிற வீடு. நீங்கதான் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சத்தம் கேட்டது. தங்கை வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத பெண் என்றால் அடி வாங்குகிறவள்தான் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

பெண் பிள்ளையைப் பள்ளிவாசல் அறைக்கு அழைத்துக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவவுக்காக அவவின் வாப்பாவோ நானாவோ பேசுவார்கள். ஆகவே அவவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவரைக் கூப்பிட்டோம். வந்தார். நீளக்கை சேர்ட். வலது கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தார்.

"அந்தக் கைய மேல எடுங்க" என்றார் பள்ளிவாசல் தலைவர்.

எடுத்தார். நாலு விரலும் நீலம் பாரித்து வீங்கியிருந்தன. அறையில் இருந்த ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இதற்கு மேல் என்ன விசாரணை? இரும்புக் கடை மச்சான் முகம் சிவந்து எழும்பப் போனார், மௌலவி தோளைப் பிடித்து இருத்தினார்.

"இந்தக் கையாலதானே?" என்றார் தலைவர்.

அவர் தன்னுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்க முந்தி" என்று அன்றைக்கு அவர் தொடங்கவில்லை. தொடங்க ஒரு காரணமும் கைவசம் இல்லாத மாதிரி இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த வீக்கம் விரல்களின் முட்டியில் இல்லை. நாலு விரலுக்கும் குறுக்கே, ரூளர் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே நேராக இருந்தது. அடித்தவனுடைய கை அப்படி வீங்காது. கதவிடுக்கில் வைத்து நெரித்தால்தான் அப்படி வரும். அதைக் கண்டேன். கண்டும் பேனையை எடுத்தேன்.

"ஓம்" என்றார் அவர். "இனி நடக்காது."

நான் எழுதினேன். இன்று முதல் என் மனைவியின் மீது கை நீட்டமாட்டேன், மீறினால் நிர்வாகத்தின் முடிவுக்குக் கட்டுப்படுவேன். எல்லோருக்கும் எழுதும் அதே வாசகம். அவர் நிதானமாக வாசித்தார்.

"இதில பிள்ளைகள்ட பேர் வராதுதானே நானா?"

"வராது."

"அப்ப சரி."

வலது கையால் பேனையைப் பிடிக்க முடியவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, கோணல் மாணலாக ஒரு கையெழுத்து வைத்தார். வெளியே போகும்போது மச்சானிடம் மன்னிப்பும் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மௌலவி பெண்களை அடிப்பவர்களைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. பாதிப் பேர் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அடுத்த மாதம், காலையில் பாடசாலைக்கு ஏற்றிப்போகும் பிள்ளைகளின் வாப்பாமார் ஒவ்வொருவராக வேறு ஓட்டோ பிடித்துக்கொண்டார்கள். "கேக்க முந்திச் சொல்லிடுறன், எஞ்சின் சரியில்ல, பிள்ளைகளை ஏத்தப் பயமாயிருக்கு, நானே விட்டுட்டன்" என்று கடையில் வந்து சொன்னார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கச்சான் காற்றுப் பொய்யைப் போல அதையும் விட்டுவிட்டோம்.

பிறகு ஒருநாள் பின்னேரம், நிர்வாக அறையில் நான் தனியே இருக்கும்போது வந்தார். கதிரையில் இருக்காமல் கதவுப் பக்கமே நின்றார்.

"நானா, ஒரு கடிதம் எழுதணும்."

"யாருக்கு?"

"அதுதான் தெரியல்ல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆம்பிளைக்கு வீட்டில அடி விழுந்தா, யாருக்கு எழுதுற?" என்றார்.

"வீட்டிலயா? யார் அடிக்கிறது?"

"பொஞ்சாதி."

"யாருக்கு இந்தக் கூத்து?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். என்ட ஓட்டோவில ஹயர்ல வாறவர்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? விளங்காமல் இருக்க நான் கஷ்டப்பட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"திருப்பி ரெண்டு குடுக்கிறதுதானே?" என்றேன்.

"குடுத்தா அவன் அடிக்கிறவனாகிடுவானே நானா. பிறகு ஆர் நம்புவா?"

"வீட்டை விட்டுப் போகச் சொல்லுங்க."

"எங்க போக? வீடு அவட. போனா பிள்ளைகள் அங்க."

"பொலிசுக்குப் போகலாமே."

"போனவராம். அங்க இருந்தவர் மற்றவங்களையும் கூப்பிட்டு, இன்னொருக்கா சொல்லு எண்டாராம்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, "அப்ப அந்த மனிசனுக்கு ரெண்டு வளையல் வாங்கிப் போடச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

அவரும் சிரித்தார். என்னைவிடக் கூடுதலாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் நானா, நானும் அதைத்தான் சொன்னன் அவருக்கு" என்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பெரிய பகிடி மாதிரி மனைவியிடம் இதைச் சொன்னேன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"அது அவர்தானே. ஒழுங்கையில இருக்கிற எல்லாப் பொம்பிளைக்கும் தெரியும்."

"பிறகு ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?" என்றா. "இப்ப செஞ்சதைத்தானே?"

விடிந்ததும் போய் நேராகக் கேட்டுவிடுவது, அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். காலையில் ஒழுங்கையில் ஓட்டோவை மறித்தேன். என் முகத்தைக் கண்டதும் அவர் முந்திக்கொண்டார். "கேக்க முந்திச் சொல்லிடுறன் நானா, அந்த ஆள்ட பிரச்சினை முடிஞ்சுது. ரெண்டு பேரும் சமாதானமாகிட்டாங்களாம்." சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிடுவது எனக்கு லேசாக இருந்தது. உண்மை அதுதான்.

அவருடைய மனைவியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நோன்பு காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பாத நாள் இல்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சமைத்துக் கொடுத்ததும் அவதான். அந்தக் கைக்குள் அப்படியொரு கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத விருப்பமும் இல்லை.

போன வருடம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மத்தியான வெயிலில், ஓட்டோவுக்குள் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். புறங்கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயும் சேர்ட்டின் நீளக்கை.

"நல்லா நித்திரை போகுது நானா, இங்க" என்றார்.

அந்தப் பெற்றோல் வரிசை ஞாபகம் வந்தது. இந்த முறை விடக்கூடாது என்று குனிந்து, "தம்பி, அந்தக் கடிதம் பொய். எனக்குத் தெரியும். நான் போய் எல்லாருக்கும் சொல்லி அதைக் கிழிச்சிடுறன்" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"கிழிக்கப்படாது. அது அங்க கிடக்கணும்."

"ஏன்?"

"மூத்தவளுக்கு இருபத்தொண்டு ஆகுது. வாப்பா அடிக்கிறவன் எண்டா ஆரும் மகளைக் கட்டுவாங்க நானா. உம்மா அடிக்கிறவ எண்டா ஆர் கட்டுவா? உம்மாவைப் போலதான் மகளும் எண்டுவாங்க. நான் அதைக் கையெழுத்து வச்சதே அதுக்குத்தான்."

அவர் மூச்சு வாங்கினார்.

"நீங்க சொல்லமாட்டீங்கதானே?"

"சொல்லமாட்டன்" என்றேன்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்துச் செய்தி வந்தது.

வீட்டுக்குப் பின்னால் சாரத் துணிகளைக் கட்டி மறைத்துக் குளிப்பாட்டினோம். பள்ளிவாசலில் மையித்துக் குளிப்பாட்டுகிற பெரியவர், அவருடைய மச்சான், நான், மூன்று பேர்தான். சேர்ட்டைக் கழற்ற முடியாமல் பெரியவர் கத்தரிக்கோலால் கையை நீளமாக வெட்டினார்.

தெரிந்துகொள்வது வேறு, காண்பது வேறு. இடது முன்கை எலும்பு எப்போதோ உடைந்து தானாகப் பொருந்தி வளைந்திருந்தது. தோளில் பல் பதிந்த வட்டம். முதுகில் அயன்பொக்ஸின் மூக்கு அப்படியே பதிந்த தழும்பு, ஒன்றல்ல. சில பழையவை, வெள்ளையாகிப் போயிருந்தன. சில இன்னும் ஆறியிருக்கவில்லை. கழுதையும் அலுமாரிக் கதவும் உச்சமுனைப் போட்டும் எல்லாம் அந்தப் பலகையில் கிடந்தன. இத்தனை வருடப் பழக்கத்தில் நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்க முந்திச் சொல்ல அன்றைக்கு அவர் இல்லை.

மச்சான் தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் அவர் காலில் ஊற்றுப்பட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே அவருடைய தங்கை அழும் சத்தம் கேட்டது. அது பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

"தண்ணிய ஊத்துங்க தம்பி" என்றார் பெரியவர் மெதுவாக. "குளிப்பாட்டுற இடத்தில கண்டதை வெளியில சொல்லப்படாது. தெரியும்தானே?"

எங்களில் அது கட்டளை. மையித்தின் உடம்பில் கண்ட குறையைக் குளிப்பாட்டியவர் மறைக்கவேண்டும். மறைத்தோம். இலந்தையிலைத் தண்ணீர் ஊற்றி, கற்பூரம் போட்டு, கபன் துணி சுற்றினோம். அடக்கம் செய்து திரும்பும்போது எனக்கு முன்னால் நடந்த இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போனார்கள். "நல்ல மனிசன். அந்தக் கைய மட்டும் அடக்கியிருந்தா." "ஓம், அல்லாஹ் மன்னிக்கட்டும்." எனக்குப் பின்னால் மச்சான் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும். நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தபடி நடந்தோம்.

அன்று பின்னேரம் மௌலவியைத் தனியே பிடித்து, "மையித்துட குறையை மறைக்கத்தானே சொல்லியிருக்கு? அடுத்த ஆள் செஞ்சது இருந்தா, அதையும் மறைக்கிறதா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். எந்த வீட்டுக் கதை என்று அவருக்கு விளங்கிவிட்டது. "அந்த வீட்டில ரெண்டு குமர் இருக்கு நானா" என்றார்.

ஆறு மாதம் கழிந்திருக்கும். மூத்த மகளுக்குக் கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பையன், துறைமுகத்தில் வேலை. நிக்காஹ் பேசுவதற்கு முன்னால் பெண் வீட்டைப் பற்றி அந்த ஊர்ப் பள்ளிவாசலில் விசாரிப்பது வழக்கம். பையனுடைய வாப்பா வந்தார். தலைவர் ஊரில் இல்லை. நான்தான் அறையில் இருந்தேன். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கினார். "பிள்ளை நல்ல பிள்ளை எண்டு எல்லாரும் சொல்றாங்க. எங்களுக்கும் விருப்பம். ஆனா அந்த வீட்டில சத்தம் சண்டை எண்டு ஒரு கதை காதில விழுந்துது. அதுவும் உம்மாக்காரி..."

அவரை முடிக்க விடவில்லை.

"நீங்க கேக்க முந்திச் சொல்லிடுறன் ஹாஜியார்" என்றேன். அவருடைய வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. "அந்த மனிசன்தான் கொஞ்சம் கை நீட்டுறவர். உம்மாவும் பிள்ளைகளும் தங்கம். நாங்க கூப்பிட்டு எழுதியும் எடுத்தம்."

அலுமாரியைத் திறந்து பைலை எடுத்துக் கடிதத்தைக் காட்டினேன். முத்து முத்தான என் எழுத்து. அவர் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். முகம் தெளிந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். நாங்க வேற மாதிரியெல்லாம் கேள்விப்பட்டு வந்தம். இது ஆம்பிளைகள்ல நடக்கிறதுதானே. ஆளும் மௌத்தாப் போயிட்டார்."

மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நிக்காஹ்வுக்கு எந்த மாதம் வசதி என்று கேட்டார். நான் கடிதத்தை வாங்கி மடித்தேன். அடியில் அந்தக் கோணல் கையெழுத்து இருந்தது. அது ஏன் அப்படிக் கோணலாக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.